எங்கட ஆளுக்கு ஓர் அஞ்சலி

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அம்மா கருவாட்டுக்கு வலையை இழுத்து மூடிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு, விறாந்தைக் கதிரையில் வந்து உட்காருவார். என் போனைச் சீனி ரின்னில் சாய்த்து, அவருடைய கண்ணுக்கு நேராக வைத்துக் கொடுப்பது என் வேலை. பிறகு நான் நிலத்தில் உட்காருவேன். ஒரு கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து இருக்கிற நேரம் அதுதான்.

அது வெளிநாட்டுத் தொடர். ஒரு பெரிய நாவலை எடுத்துப் படமாக்கியிருந்தார்கள். வருடத்தில் பாதி நாள் ஆறுகள் உறைந்து கிடக்கிற நாடு அது. ஒரு கொல்லனின் மகனிடம் மந்திர வாள் ஒன்று வந்து சேருகிறது. அதை உருவினால் எதிரே நிற்கிற படை விழும். ஆனால் உருவுகிற ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு மனிதர் மறந்துபோவார். முதலில் ஊர்க் குதிரைக்காரன். பிறகு கூட வளர்ந்த சிநேகிதன். பிறகு கட்டிய மனைவி. ஊரைக் காப்பாற்றத்தான் உருவுகிறான். காப்பாற்றிய ஊரில் அவனுக்கு ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இந்தியாவில் குரல் கொடுத்துத் தமிழில் விட்டிருந்தார்கள். "பனிக்குள்ள நிண்டுகொண்டு மெட்ராஸ்காரர் மாதிரியெல்லோ கதைக்கினம்" என்று அம்மா முதல் நாள் சிரித்தார். இரண்டாவது கிழமை சிரிக்கவில்லை. மூன்றாவது கிழமை, அந்தப் பெடியன் சந்தையில் தன் சிநேகிதனைக் கண்டும் காணாதவன் போலக் கடந்து போனபோது, அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, இப்பிடி மறக்கிறது உண்மையிலயும் நடக்குமோ?"

"தலையில அடிபட்டால் நடக்குமாம்" என்றேன்.

"அடிபட்டிருக்கும்" என்றார் அம்மா. படத்தில் வருகிறவனைப் பற்றி அவர் அதைச் சொல்லவில்லை.

என் அண்ணா காணாமல் போனபோது எனக்குப் பத்து வயது. அப்போது நாங்கள் இந்த மன்னார்த் தீவில் இல்லை; சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக்குள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தோம். ஒரு காலை தண்ணீர் எடுக்க இரண்டு பிளாஸ்ரிக் கான்களோடு போனவர் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் மூன்று கதைகள் இருந்தன. அப்பாவிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. அம்மாவின் கதையில் மட்டும் அண்ணா உயிரோடு இருந்தார். பிறகு ஊருக்கு வந்தோம், பழைய வளவில் வீட்டுத்திட்டத்து வீடு கட்டினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது: வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். வாசல் படலைக்குக் கொளுக்கி இல்லை. கலியாணமென்றால் பாதிப் பேர் போவோம், பாதிப் பேர் நிற்போம். கோயில் திருநாளுக்கும் அப்படித்தான். மரித்த விசுவாசிகளின் நாளில் எல்லாரும் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், சுவாமி பீடத்தில் நின்று வாசிப்பார். அண்ணாவின் பெயரை அந்தத் துண்டில் எழுத அம்மா ஒருநாளும் விட்டதில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படித்த காலத்தில் அப்பா வீட்டில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் அஞ்சாம் வகுப்புக்கு மேலே போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குச் செபங்கள் எல்லாம் பாடம், எழுத்துத் தெரியாது. அப்பா தன் மீன்பிடி வள்ளத்தின் இலக்கத்தை மட்டும் வாசிப்பார். நான் கடைசிச் சோதனை எழுதி முடித்த மாதம் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அக்கா ஏற்கனவே பாலத்துக்கு அங்கால் நானாட்டானில் கலியாணம் செய்து இருந்தா. ஆக, வீட்டில் நிற்கிற ஆள் நானானேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு விறாந்தையில் ஒரு கதிரை சும்மா கிடந்தது. நான் போய் அதில் இருந்தேன், அவ்வளவுதான்.

மூன்று வருடம். பகலில் பிள்ளைகளுக்கு விறாந்தையில் ரியூசன். மற்ற நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சோளகக் காற்று பெயர்ந்தால் எங்கள் பக்கத்தில் வேறு சத்தமே கேட்காது. தெற்குக் கரையில் நிற்கிற காற்றாலைகள் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே நிற்கும். பாலத்தைத் தாண்டி அங்கால் போகும் பஸ்கள் எங்கள் சந்தியில் கோர்ன் அடிக்கும். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே போகிறதென்று எனக்குப் பாடம். ஏறியது குறைவு.

எனக்கிருந்த வெளியுலகம் அந்தத் தொடரைப் பார்க்கிற பெடியன்களின் வாட்ஸப் குழுதான். வாள் வைத்திருக்கிற கதாநாயகனை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "எங்கட ஆள்" என்போம். குழுவில் ஒரு பதினைந்து பேர் இருந்தோம். அதில் எனக்கு மிக நெருக்கம் இரண்டு பேர். ஒருத்தன் மாமியின் மகன், ஓட்டோ ஓடுகிறவன். முன் கண்ணாடியில் மாதாவின் படத்துக்குக் கீழே எங்கட ஆளின் வாளை ஒட்டி வைத்திருந்தான். மற்றவன் சிலாவத்துறை முஸ்லிம் பெடியன், மன்னார் ரவுணில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடைக்கு உடைந்த போனோடு வருகிறவர்களுக்கெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்வான். "திரை மாத்த அரை மணித்தியாலம் எடுக்கும், இருங்கோ, ஒரு கதை சொல்றன்" என்று தொடங்கினால் போன் வாங்க வந்தவர் அழுதுகொண்டுதான் போவார்.

ஏன் எங்களுக்கு அவனில் இவ்வளவு பாசம் என்று சிலர் கேட்பார்கள். மற்றப் படங்களில் வருகிற வீரர்கள் எல்லாரும் போய்ச் சேருகிறவர்கள், பிடிக்கிறவர்கள், ஆளுகிறவர்கள். எங்கட ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் செய்கிற ஒவ்வொரு நல்ல காரியமும் அவனிடமிருந்து ஒன்றைக் கொண்டுபோகும். அப்படியிருந்தும் அடுத்த தடவையும் உருவுவான். "இவனுக்கு விசர்" என்று ஓட்டோ மச்சான் ஒவ்வொரு கிழமையும் எழுதுவான். அடுத்த வரியிலேயே அழுகிற முகம் போடுவான்.

நான் நாவலை இங்கிலீசில் வாசித்து முடித்திருந்தேன். முடிவு எனக்குத் தெரியும். கடைசியில் அவனுக்குத் தன் பெயரும் மறந்துபோகும். கால் போன போக்கில் நடந்து, தெரியாமலே தன் சொந்த ஊர் வாசலுக்கு வந்து நிற்பான். "ஆர் நீ?" என்று காவலர்கள் கேட்பார்கள். சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்காது. வீட்டைக் காட்டு என்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். தாய் எப்போதோ அந்த ஊரை விட்டுப் போயிருப்பாள். அந்நியன் என்று அம்பெய்து கொன்றுவிடுவார்கள்.

அம்மா ஒவ்வொரு சனியும் படம் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"கடைசியில தாயிட்ட வாறானோ?"

ஒருநாள் சொல்லிவிட்டேன். "ஓம் அம்மா. ஊருக்கு வாறார்."

அம்மா அன்று பின்னேரம் முழுதும் பாட்டுப் படித்துக்கொண்டு மீன் கீறினார். நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசிப் பகுதிக்கு மூன்று கிழமை இருந்தபோது எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பாடசாலை. அடுத்த மாதத் திங்கட்கிழமை ஒன்றைக் குறித்து, அன்று காலை பொறுப்பேற்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஏற்காவிட்டால் நியமனம் இல்லாமல் போகும் என்றும் போட்டிருந்தது. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லது ராசா" என்றார். முகம் உண்மையாகவே மலர்ந்தது. "எவ்வளவு தூரம்?"

"ஒரு பகல் முழுக்க பஸ்."

அம்மா படலையைப் பார்த்தார். 

அக்கா நானாட்டானிலிருந்து கோல் எடுத்தா. "அம்மாவை என்னட்ட விடு. அத்தான் வயல் பக்கத்து அறையை ஒதுக்கித் தாறன் எண்டுறார். அவவைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுட்டு நீ போ."

"அவ வரமாட்டா எண்டு உனக்குத் தெரியும்தானே."

"தெரியும்" என்று அக்கா அழுதா. "ஞாயிறில இஞ்ச வந்தாலும் நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போக நிப்பா. சோறு போட்டால் பாதியில கையைக் கழுவுவா. நான் என்னடா செய்ய?"

அம்மா போகமாட்டார். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு என்னால் போக முடியாது. அப்பா செத்த வருடத்திலிருந்து அம்மா இரண்டு தரம் மயங்கி விழுந்திருக்கிறார். கணக்கு அவ்வளவு சுருக்கமானது. ஒவ்வொரு காலையும் நான் அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பேன், விடை மாறாது.

இந்த நிலையில்தான் குழு அஞ்சலி விஷயத்தைத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் சந்தியில் படம் போட்டு, "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய பனர் கட்டுவோம். படித்த பெடியன் என்று அந்த வசனங்களை எழுத எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். கடலில் போனவருக்கு ஒரு மாதிரி, வெளிநாட்டில் செத்தவருக்கு ஒரு மாதிரி, சின்னப் பிள்ளைக்கு ஒரு மாதிரி எழுதுவேன். கடைசிப் பகுதி வருகிற கிழமை எங்கட ஆளுக்கும் ஒரு பனர் கட்ட வேண்டும் என்று ஓட்டோ மச்சான் பிடிவாதமாக நின்றான்.

"பகிடிக்கு இல்லை, வடிவா, மரியாதையாக் கட்டோணும்" என்றான். "எத்தினை பேரைக் காப்பாத்தினவன். செத்தால் அழ ஒரு தாய்கூட இல்லை."

"எங்கட ஆள் கிறிஸ்தவனோ, முஸ்லிமோ, சைவமோ?" என்று சிலாவத்துறையான் கேட்டான். "சிலுவை போடுறதோ, பிறை போடுறதோ?"

"வாளைப் போடு" என்றான் மச்சான்.

பிறின்ற் கடைக்காரருக்கு அன்றே வசனம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் பாடசாலைக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். புதிதாக எழுத மனம் வரவில்லை. பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்த வசனம் இருந்தது. அதை அப்படியே ரைப் செய்து அனுப்பினேன்.

அந்த வசனம் கம்பஸில் இரண்டாம் வருடம் எழுதியது. விடுதியில் கூட இருந்தவன் தன் தமையனுக்கு ஆண்டுத் திவசம் என்று ஊருக்குப் போயிருந்தான். எனக்குப் போவதற்குத் திவசம் ஒன்றும் இல்லை. அன்று கொப்பியை எடுத்து அண்ணாவுக்கு ஓர் அஞ்சலி எழுதினேன். யாருக்கும் காட்டவில்லை. எழுதி முடிந்ததும் மூச்சு விடக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான்.

சிலாவத்துறையான் வாசித்துவிட்டு குரல் அனுப்பினான். "மச்சான், நெஞ்சை உருக்குது. ஆனால் 'விசிலடித்தபடி படலை திறப்பவனே' எண்டு போட்டிருக்கிறாய். எங்கட ஆள் எப்படா விசிலடிச்சவர்?"

"புத்தகத்தில வரும்" என்று எழுதினேன்.

அந்தச் சனி கடைசிப் பகுதி வந்தது. அம்மா வெள்ளையில் சின்னப் பூப் போட்ட சட்டை உடுத்திருந்தார். கோயிலுக்குப் போகிற உடுப்பு. ஊருக்கு வருகிறவனை வரவேற்கத்தான் அது என்று எனக்கு விளங்கியது. போனைச் சாய்த்து வைத்தேன்.

எங்கட ஆள் பனியில் தள்ளாடித் தள்ளாடி வந்தான். தூரத்தில் ஊர் தெரிந்தது. "வந்திற்றான்" என்று அம்மா எழும்பியே விட்டார். "வந்திற்றான், பார்!" காவலர்கள் கேட்டார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். வீட்டைக் காட்டச் சொன்னார்கள். அவனுடைய கால் சரியான வீட்டின் முன்னால் போய் நின்றது. கதவில் பூட்டு.  அம்பு பாய்ந்தது. முடிவு எழுத்து ஓடத் தொடங்கிய பிறகு அம்மா சொன்னார்.

"வாறார் எண்டு சொன்னனீ."

"வந்தவர்தானே அம்மா."

"ஓம். வந்தவன்தான்." அம்மா போனை நிலத்தை நோக்கிக் கவிழ்த்து வைத்தார். "தாய்தான் வீட்டில இல்லை. பாத்தியோ? இதுக்குத்தான் நான் சொல்றனான்."

எனக்கு அந்த நிமிடமே விளங்கியது, மலைநாடு போய்விட்டதென்று. மூன்று மாதமாக ஒவ்வொரு சனியும் நானே போனைச் சாய்த்து வைத்துப் பூட்டின பூட்டு அது.

ஞாயிறு காலை, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது சந்தியில் பனர் கட்டியாகியிருந்தது. பதினைந்து அடி நீளம். பனியில் நிற்கிற எங்கட ஆள், ஒரு பக்கம் வாள், மறுபக்கம் என் வசனம். குழுப் பெடியன்கள் நாலைந்து பேர் கறுப்பு ரிசேட்டோடு கைகட்டி நின்றார்கள்.

பஸ்ஸுக்கு நின்ற வயதான ஐயா ஒருவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். "வெளிநாட்டுப் பெடியன் போல. கடலில போனவனோ?"

"இல்லை ஐயா, படத்தில செத்தவர்" என்றான் மச்சான்.

"படமெடுக்கேக்கயோ? ஐயோ." பக்கத்தில் நின்ற முன்வீட்டு அன்ரி வாயில் கையை வைத்தார். "தாய் தகப்பன் இருக்கினமோ? அடக்கம் எத்தினை மணிக்காம்?"

"அன்ரி, அது கதை. உண்மையான ஆள் இல்லை."

"உண்மையான ஆள் இல்லாததுக்கோ இவ்வளவு பெரிசு கட்டினனீங்கள்? விசரங்களே." ஆனால் அன்ரி போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் உரத்து வாசிக்கத் தொடங்கினார். சனம் நின்றது. அம்மா அன்ரிக்குப் பின்னால் நின்றார். அன்று பூசைக்கு அம்மாவின் முறை, வீட்டில் நிற்பது என் முறை. பனரைப் பார்க்கிற ஆசையில் சட்டத்தை மீறி ஐந்து நிமிடம் ஓடி வந்திருந்தேன்.

"விசிலடித்தபடி படலை திறப்பவனே, படலை திறந்தபடியே கிடக்கிறது. உனக்கென்று எடுத்து வைத்த சோறு காகத்துக்குப் போனது. தம்பியின் தோளில் நீ வைத்த கையின் பாரம் இன்னும் இருக்கிறது..."

அன்ரி வாசித்து முடிக்க, ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டொரு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் கேட்டார். "அது அண்ணைக்கு எழுதினதோ?"

"ஓம்."

"எப்ப?"

"கம்பஸில. ரெண்டாம் வருசம்."

அம்மா விரலை மடித்து எண்ணினார். "அப்ப இவ்வளவு காலமும் நீ அவனைச் சாக்காட்டிப்போட்டு என்னோட இருந்து சோறு திண்டிருக்கிறாய்."

"அம்மா..."

"கதையாதை."

 அம்மா கருவாட்டைப் புரட்டப் போய்விட்டார். அன்று பின்னேரமே நானும் சிலாவத்துறையானும் பனரை அவிழ்த்தோம். நடந்ததைச் சொன்னேன். அவன் கயிற்றைச் சுற்றினான். "மச்சான், நான் கேட்டனான்தானே, விசிலைப் பத்தி" என்றான். பிறகு, "சொறி, மன்னிச்சுக்கொள்" என்றான்.

திங்கள், செவ்வாய், புதன். அம்மா எனக்குச் சோறு போட்டார், தேத்தண்ணி தந்தார், பேசவில்லை. நான் நியமனத்தை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன் என்று கடிதம் ஒன்று எழுதினேன். "தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால்" என்ற வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரி சரிவரவில்லை. தபாலில் போடாமல் மேசையில் வைத்திருந்தேன்.

வியாழன் பின்னேரம் சிலாவத்துறையான் மோட்டச்சைக்கிளில் வந்தான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். அம்மா அவனைக் கதிரையில் இருத்தி, வெறுந்தேத்தண்ணி கொடுத்தார்.

"எங்களில கோவமோ அம்மா?"

"உங்களில என்ன கோவம் ராசா. நீங்கள் ஒரு பெடியனுக்காண்டி அழுதனீங்கள்." அம்மா தூணில் சாய்ந்து நின்றார். "நான் ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் சண்டைக்குப் பிறகுதானே ஊருக்கு வந்தனீங்கள். வரேக்க ஊரில ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. எங்கட சனத்தைத் துரத்தின பிறகு புத்தளத்தில பிறந்தவன் நான், எனக்கு ஊரே தெரியாது. வாப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தவர். ஊரெண்டு ஒண்டுமில்லை, பத்தைக் காடு. வாப்பாவே தடுமாறிப் போனார். இஞ்சதான் எண்டார், பிறகு இல்லை அங்கால எண்டார். பெரிய மனிசன், நிண்டு அழுதவர்."

"பிறகு?"

"கிணறு அம்மா. கிணத்துக் கட்டில மூத்தாப்பா, வாப்பான்ர தகப்பன், சீமெந்து காயமுந்தித் தன்ர பேரை எழுதி வச்சவராம். பத்தையை வெட்டேக்க அது தெரிஞ்சுது. 'இதுதான்ரா எங்கட வளவு' எண்டு வாப்பா அதைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார்."

"ஆள் இல்லை" என்றார் அம்மா.

"இல்லை அம்மா. எழுத்துத்தான் இருந்தது."

 அவன் போகும்போது அம்மா ஒரு பை கருவாடு கட்டிக் கொடுத்தார்.

வெள்ளி காலை நான் எழும்பியபோது, அம்மா பின்வளவில் அப்பாவின் வள்ளத்துப் பலகை ஒன்றைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சானிடம் வாங்கிய நீலப் பெயின்ற், வள்ளத்துக்குப் பூசுவது.

"இதில எழுது" என்றார்.

"என்ன எழுத?"

"எழுதத் தெரியும்தானே உனக்கு. ஊருக்கெல்லாம் எழுதுறாய்." ஐந்து நாளுக்குப் பிறகு அம்மா என்னோடு பேசின பேச்சு அது. பலகையின் முன்னால் குந்தினார். "அவனுக்குத் தலையில அடிபட்டு மறந்திருந்தால், இஞ்ச வந்து நிண்டாலும் ஆர் எண்டு தெரியாது. நான் விறாந்தையில இருந்தாப் போலயும் என்னைத் தெரியாது. அதை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. முதல்ல அவன்ர பேரை எழுது. பெரிசா."

எழுதினேன். அந்தப் பெயரை என் கையால் எழுதி எவ்வளவு காலம் என்று யோசித்தேன். அஞ்சலிக் கொப்பியில்கூட நான் பெயர் எழுதவில்லை.

"இது உன்ர பேர் எண்டு எழுது."

எழுதினேன்.

"இது உன்ர வீடு எண்டு எழுது. அப்பாவின்ர பேரைப் போடு. செத்திட்டார் எண்டு போடாதை, வந்து கேக்கட்டும், சொல்லுவம். அம்மா நானாட்டானில அக்கா வீட்டை எண்டு போடு. அக்காவின்ர போன் நம்பர். தம்பி வாத்தியார் எண்டு போடு."

தூரிகை நின்றது. "அம்மா, நானாட்டானிலயோ?"

"பின்னை எங்க? நீ மலைக்குப் போனால் நான் இஞ்ச தனிய விழுந்து கிடக்கவோ?" அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பலகையையே பார்த்தார். "கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸில வந்து பாத்திட்டுப் போவன். எழுத்து அழிஞ்சால் நீ லீவில வந்து திரும்ப எழுதோணும். அதுக்கு ஓமெண்டால் போ."

"ஓம்" என்றேன். அவர் என்னை விட்டாரா, வேறு ஒரு கயிற்றில் கட்டினாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

"இடமிருக்கோ?"

"ஒரு வரிக்கு இருக்கு."

அம்மா யோசித்தார். வெயில் ஏறியிருந்தது, பெயின்ற் தூரிகையில் இறுகத் தொடங்கியது.

"நாங்கள் உன்னை மறக்கேல்லை எண்டு எழுது" என்றார். பிறகு, "மறக்கமாட்டம் எண்டு வேண்டாம். மறக்கேல்லை. அது போதும்."

எழுதி முடித்துப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா எழும்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். நீலக் கோடுகள் அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

"இதில அவன்ர பேர் எது?" என்று கேட்டார்.

தொட்டுக் காட்டினேன். அம்மாவும் தன் விரலைக் கொண்டுவந்து முதல் எழுத்தின் வளைவில் வைத்தார். பெயின்ற் இன்னும் காயவில்லை.